டிராகன் குவெஸ்ட்: எதில் ஆரம்பித்து எந்த வரிசையில் ஆடுவது?

எண் போட்டு வந்த தொடர் என்றால் ஒன்றில் ஆரம்பித்து வரிசையாக மேலே போக வேண்டியதுதானே, இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று கேட்கலாம். டிராகன் குவெஸ்ட் என்ற ஜப்பானிய வீடியோ கேம் தொடரில் யோசிக்க நிறையவே இருக்கிறது. முதல் பாகம் 1986 மே மாதம் நிண்டெண்டோவின் பழைய கேம் கருவியான ஃபேமிகாமில் வந்தது. பதினோராவது 2017-இல். மூன்றாம் பாகத்தின் கதை முதல் பாகத்துக்கு முன்னால் நடக்கிறது. ஆறாவதன் கதை நான்காவதற்கு முன்னால். ஒன்பதாவது நிண்டெண்டோ டிஎஸ் என்ற கையடக்கக் கருவியை விட்டு வெளியே வந்ததே இல்லை. பத்தாவது ஆன்லைன் கேம், ஜப்பானிய மொழி தெரியாதவர் பக்கத்தில் போக முடியாது. போதாக்குறைக்கு, தொடரை வெளியிடும் ஸ்குவேர் எனிக்ஸ் நிறுவனம் 2024 நவம்பரில் மூன்றாம் பாகத்தைத்தான், பழைய 2டி உருவங்களை 3டி பின்னணியில் வைத்த ஹெச்டி-2டி என்ற புதிய வடிவத்தில் முதலில் விட்டது. ஒன்றும் இரண்டும் ஒரே தொகுப்பாக 2025 அக்டோபரில்தான் வந்தன. செய்தவர்களே 3, 1, 2 என்று வரிசை போட்டுக் கொடுத்தால் புதிதாக வருகிறவர் குழம்பாமல் என்ன செய்வார்?

புதியவர் முன்னால் இருப்பவை நாலு வழிகள். வெளிவந்த வரிசையில் போவது. கதை நடக்கும் வரிசையில், அதாவது மூன்றில் தொடங்கிப் பிறகு ஒன்று, இரண்டு என்று போவது. பதினொன்றை முதலில் ஆடிப் பார்த்துவிட்டு, பிடித்திருந்தால் பின்னோக்கிப் போவது. அல்லது, தொடரெல்லாம் வேண்டாம், நல்லதாக ஒன்றைச் சொல்லுங்கள் என்று அதோடு நிறுத்திக்கொள்வது.

என் கட்சி என்ன என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். கதையின் காலவரிசையைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒவ்வொரு பாகத்தையும் செய்தவர்கள், ஆட வருகிறவருக்கு ஏற்கெனவே என்னென்ன தெரியும் என்று எண்ணிக்கொண்டு செய்தார்கள் என்பதைப் பாருங்கள். வரிசை தானாக வந்துவிடும்.

முதலில் ஒரு நிம்மதி. இந்தத் தொடரில் பெரும்பாலான பாகங்கள் தனித்தனிக் கதைகள். 1, 2, 3 மூன்றும் எர்ட்ரிக் என்ற வீரனின் பெயரால் கட்டப்பட்ட ஒரு முத்தொகுதி. 4, 5, 6 மூன்றுக்கும் இடையே வானத்தில் மிதக்கும் ஒரு கோட்டையும் சில பொருட்களும் பொதுவாக வருகின்றன, அவ்வளவுதான். எதை முதலில் ஆடினாலும் ஒன்றும் கெடாது. 7, 8, 9 மூன்றுக்கும் யாரோடும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. ஆக, வரிசை என்ற கேள்வி உண்மையில் முதல் மூன்று பாகங்களையும் பதினொன்றையும் பற்றியது மட்டும்தான். இணையத்தில் இதற்குப் பெரிய பெரிய அட்டவணை போட்டு வைத்திருப்பவர்களைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

ஒன்றிலிருந்து தொடங்கினால்

முதல் பாகம் சின்னக் கேம். ஒரே ஒரு நாயகன், துணைக்கு யாரும் கிடையாது, சண்டை எல்லாமே ஒருத்தனுக்கு ஒருத்தன். நாயகனின் பலத்தைக் காட்டும் லெவல் 30-க்கு மேல் இல்லை. மொபைலிலும் நிண்டெண்டோ ஸ்விட்ச்சிலும் கிடைக்கிற எளிய வடிவத்தில் பத்து மணி நேரத்துக்குள் முடித்துவிடலாம். இவ்வளவு சின்னதில் என்ன இருக்கிறது என்று நினைக்கிறவர்கள், கோட்டையை விட்டு வெளியே வந்து நிற்கிற முதல் நிமிஷத்தைக் கவனிக்க வேண்டும்.

டான்டகெல் கோட்டையில் ராஜா கூப்பிட்டு வேலையைச் சொல்கிறார். அந்த அறையில் இருக்கும் பெட்டிகளைத் திறந்தால் கொஞ்சம் பணம், ஒரு தீப்பந்தம், ஒரு சாவி. அறையின் கதவைத் திறந்து வெளியே போவதற்குத்தான் அந்தச் சாவி. கேம் எப்படி ஆடுவது என்று தனியாகப் பாடம் நடத்தாமல் அந்த ஒரு அறையிலேயே எல்லாவற்றையும் கற்றுக்கொடுத்துவிடுகிறார் தொடரை உருவாக்கிய யூஜி ஹோரி. பிறகு வெளியே வந்தால், தண்ணீருக்கு அந்தப் பக்கம் ஒரு கறுத்த கோட்டை தெரிகிறது. அதுதான் வில்லன் டிராகன்லார்டின் சார்லாக் கோட்டை. கேமின் கடைசி இடம், முதல் அடி எடுத்து வைக்கும்போதே கண்ணுக்கு எதிரே. நடுவில் இருப்பது கொஞ்சம் தண்ணீர்தான். அந்தத் தண்ணீரைத் தாண்ட முழு கேமும் ஆக வேண்டும்.

எங்கே போகலாம், எங்கே போகக்கூடாது என்பதற்கும் வேலி போடவில்லை. பாலங்கள்தான் எல்லை. ஒரு பாலம் தாண்டினால் எதிரிகள் ஒரு படி பலமாகிவிடுவார்கள். ஆர்வக்கோளாறில் சீக்கிரமே இரண்டு பாலம் தாண்டினவர் அங்கேயே விழுந்து, பாதிப் பணத்தோடு ராஜா முன்னால் கண் விழிப்பார். பாதிப் பணம்தான் போகும். லெவலும் அனுபவப் புள்ளிகளும் அப்படியே இருக்கும். தோற்றாலும் உழைத்தது வீணாகாது என்ற இந்த ஏற்பாடு பல பாகங்களுக்குத் தொடர்கிறது. ஜேஆர்பிஜி என்கிற ஜப்பானியப் பாத்திரமேற்கும் கேம் வகைக்குப் புதியவர்களுக்கு இந்தத் தொடரைத் தைரியமாகச் சொல்வதற்கு முக்கியமான காரணமே இதுதான்.

அப்புறம் டிராகன்லார்ட் கடைசியில் ஒரு பேரம் பேசுவான்: என்னோடு சேர்ந்துவிடு, உலகில் பாதி உனக்கு. சேவ் செய்துவிட்டு ஒரு தடவை சரி என்று சொல்லிப் பாருங்கள். அப்படிச் சரி என்று சொன்ன பிறகு அந்த உலகம் என்ன ஆகியிருக்கும் என்ற கற்பனையில்தான் 2016-இல் டிராகன் குவெஸ்ட் பில்டர்ஸ் என்ற தனி கேமே வந்தது.

அசல் ஃபேமிகாம் கேசட்டையே ஆட வேண்டும் என்று சிலருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. வேண்டாம். அதில் ஒருவரிடம் பேசுவதற்குக்கூட மெனுவைத் திறந்து, பேசு என்று தேர்ந்தெடுத்து, வடக்கா தெற்கா கிழக்கா மேற்கா என்று திசையும் சொல்ல வேண்டும். படி இறங்குவதற்குத் தனிக் கட்டளை. சேவ் கிடையாது, ராஜா சொல்கிற நீண்ட கடவுச்சொல்லைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டாம் பாகத்தில் அது 52 எழுத்து வரை போகும். ஒரு எழுத்து மாறிப்போனால் மொத்தமும் போச்சு. 1993-இல் சூப்பர் ஃபேமிகாமுக்கு வந்த மறுஆக்கத்தில் இந்தத் தொல்லைகள் போய்விட்டன, அனுபவப் புள்ளிகளையும் பணத்தையும் கூட்டிக் கொடுத்தார்கள். இன்று மொபைலிலும் ஸ்விட்ச்சிலும் இருப்பவை அந்த வழி வந்தவை. வட அமெரிக்காவில் பழைய பாகங்கள் டிராகன் வாரியர் என்ற பெயரில் வந்தன. பழைய கேசட் தேடுகிறவர்கள் அந்தப் பெயரையும் போட்டுத் தேடுங்கள்.

இரண்டாம் பாகம் 1987 ஜனவரியில், முதலாவது வந்து எட்டே மாதத்தில் வந்தது. மூன்று பேர் கொண்ட குழு, கப்பல், பல மடங்கு பெரிய உலகம். முதல் பாகத்தில் நாம் உலகம் என்று நினைத்துச் சுற்றிய அலிஃப்கார்ட் இங்கே வரைபடத்தின் ஒரு மூலையில் இருக்கும். அதை முதலில் பார்க்கும்போது சிரிப்பும் வரும், கொஞ்சம் சுருக்கென்றும் இருக்கும். ஆனால் இந்தப் பாகத்தின் கடைசிக் கால்வாசி கொடுமை. ரோன் பீடபூமிக்குப் போகிற குகையில் எங்கே கால் வைத்தாலும் குழி, திரும்பத் திரும்ப ஒரே இடத்துக்குக் கொண்டுவந்து விடுகிற வழிகள். மூச்சு வாங்க மேலே வந்தால் ஒரே மந்திரத்தில் குழுவையே சாய்க்கிற எதிரிகள் காத்திருப்பார்கள். ஐந்து முத்திரைகளைத் தேடும் வேலையும் குருட்டாம்போக்கில்தான் போகும். வழிகாட்டிக் குறிப்பைப் பார்ப்பதில் எந்த வெட்கமும் வேண்டாம். வெளிவந்த வரிசையில் போகிறேன் என்று கிளம்புகிறவர்கள் வழக்கமாக நின்றுபோகிற இடம் இதுதான். இந்த வழியின் பெரிய பலவீனமும் இதுதான்.

ஆனால் தாங்கினவர்களுக்கு மூன்றாம் பாகம் காத்திருக்கிறது.

மூன்றிலிருந்து தொடங்கினால்

1988 பிப்ரவரி 10, ஒரு புதன்கிழமை. மூன்றாம் பாகம் விற்பனைக்கு வந்த அன்று ஜப்பானில் கடை வாசல்களில் நீண்ட வரிசை நின்றது, பள்ளிக்கு மட்டம் போட்ட பையன்களும் அதில் இருந்தார்கள். நான்காம் பாகம் 1990-இல் ஒரு விடுமுறை நாளில் வந்தது.

கேமாக எடுத்துக்கொண்டால் முதல் மூன்றில் இதுதான் சிறந்தது, சந்தேகமே இல்லை. அலியஹான் ஊரில் உங்களுக்கு வேண்டிய ஆட்களை நீங்களே பெயர் வைத்துத் தேர்ந்தெடுக்கலாம்: வீரர், மந்திரவாதி, பூசாரி, வியாபாரி, எதற்கும் உதவாத கோமாளி. லெவல் 20 வந்ததும் தொழில் மாற்றிக்கொள்ளலாம். லெவல் ஒன்றுக்கு இறங்கிவிடும், பலம் பாதியாகும், ஆனால் கற்ற மந்திரங்கள் போகாது. சண்டை நடுவில் சொன்ன பேச்சுக் கேட்காமல் கூத்தடிக்கிற அந்தக் கோமாளி, லெவல் 20-இல் நேராக ஞானி ஆகிவிடலாம். மற்றவர்களுக்கு அதற்கென்று ஒரு புத்தகம் வேண்டும், இவருக்கு வேண்டாம். உலக வரைபடத்தைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் நம் பூமியே தெரியும். ரோமாரியா, போர்டோகா, ஐசிஸ், ஜிபாங் என்ற பெயர்களைக் கேட்டாலே எது எந்த நாடு என்று பிடித்துவிடலாம்.

ஹெச்டி-2டி வடிவத்தில் இது பார்க்கப் பார்க்கத் தெவிட்டாத அழகு. மூன்று நிலைச் சிரமம் இருக்கிறது. மிக எளிதானதில் குழுவில் யாரும் சாகவே மாட்டார்கள். அடுத்து எங்கே போக வேண்டும் என்று காட்டும் குறியை வைத்துக்கொள்ளலாம், அணைத்தும் விடலாம். சண்டை வேகத்தைக் கூட்டலாம். புதிதாகச் சேர்த்த மான்ஸ்டர் ராங்க்லர் என்ற தொழிலின் பலம் கொஞ்சம் அதிகம்தான். சண்டை சவாலாக இருக்க வேண்டும் என்று நினைப்பவர் அந்தத் தொழிலை ஒதுக்கிவிடலாம்.

இவ்வளவு நல்ல கேமில் ஏன் தொடங்கக்கூடாது? சரி, இந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் கவனமாகப் பேச வேண்டும். எதையும் முன்கூட்டித் தெரிந்துகொள்ள விரும்பாதவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிவிடுங்கள்.

கதை முடிந்துவிட்டது என்று நினைக்கிற நேரத்தில் மூன்றாம் பாகம் முடிவதில்லை. அதற்குப் பிறகு ஓர் இடத்துக்குப் போகிறோம். முதல் பாகத்தை ஆடியவருக்கு அங்கே ஒலிக்கிற இசையைக் கேட்டதுமே மயிர்க்கூச்செறியும். நிலத்தின் வளைவு, பாலங்கள் இருக்கும் இடம், தண்ணீருக்கு அப்பால் தெரிவது என எல்லாம் கைரேகை போலத் தெரிந்தவை. அவருக்கு யாரும் எதையும் விளக்கத் தேவையில்லை. ஆடாதவருக்கு அது இன்னொரு புது ஊர். கடைசியில் சொல்லப்படுகிற பெயரும் வெறும் பெயர். ஹோரி அந்தக் காட்சியை எழுதியபோது, எதிரே உட்கார்ந்திருப்பவர் முதல் பாகத்தை ஏற்கெனவே முடித்தவர் என்று நம்பித்தான் எழுதினார். 3, 1, 2 என்று ஆடினால் கதை நேராகப் போகும், உண்மைதான். ஆனால் அந்த ஒரு அதிர்ச்சிக்கு அடியில் இருக்கும் தரையை உருவிவிட்டுப் போகிறோம்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 2025-இல் வந்த ஹெச்டி-2டி ஒன்றும் இரண்டும் பழைய கேம்களின் வெறும் பூச்சு வேலை இல்லை. மூன்றாவதை ஆடிவிட்டு வருகிறவர்களை மனதில் வைத்துக் கதையையே விரித்து எழுதியிருக்கிறார்கள். முதல் பாகத்தில் இப்போது பல எதிரிகள் ஒரே நேரத்தில் மோதுவார்கள். தனியாள் நாயகனுக்கு அதைச் சமாளிக்கப் புதுத் திறமைகள் நிறைய. இரண்டாம் பாகத்தில் கடலுக்கு அடியிலும் போகலாம், குழுவில் ஒருவனான கேனக் இளவரசனின் தங்கை நாலாவது ஆளாகச் சேர்கிறாள். பத்து மணி நேரத்துச் சின்னக் கேம் நன்றாகவே நீண்டுவிட்டது. இந்த வடிவங்களை மட்டும் ஆடுவதாக இருந்தால் அவர்கள் சொல்கிற 3, 1, 2 வரிசைதான் சரி. அவை அப்படி எண்ணித்தான் செய்யப்பட்டவை.

இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது என்று சொல்லி நழுவ எனக்கு விருப்பம் இல்லை. என் யோசனை இது. முதல் பாகத்தின் பழைய எளிய வடிவத்தை, மொபைலிலோ ஸ்விட்ச்சிலோ, முதலில் ஆடிவிடுங்கள். சின்னது, கைக்கு அடக்கமானது, ஒரு வார இறுதியோடு போய்விடும். அடுத்து ஹெச்டி-2டி மூன்றாம் பாகம். அதன் கடைசி உங்களை உலுக்கினால், ஹெச்டி-2டி ஒன்று-இரண்டு தொகுப்பை வாங்குங்கள். இரண்டாம் பாகத்தை அந்த வடிவத்திலேயே முதல் தடவையாக ஆடலாம், பழைய ரோன் குகையின் கொடுமையும் தப்பும். உலுக்கவில்லை என்றால் அதோடு விட்டுவிட்டு நான்குக்குப் போங்கள், ஒன்றும் குடி முழுகாது. முதல் பாகத்தை இரண்டு தடவை ஆடச் சொல்கிறேனே என்று தோன்றலாம். இரண்டும் இரண்டு வேறு கேம்கள் என்று ஆடிப் பார்த்தால் தெரியும்.

பதினொன்றிலிருந்து தொடங்கினால்

பழைய கேம் என்றாலே கை போகாது, பெரிய உலகமும் குரல் நடிப்பும் இன்றைய காட்சியும் வேண்டும் என்பவர்களுக்கு இருப்பது இந்த வழி ஒன்றுதான். அதில் தவறு ஒன்றும் இல்லை. 2019-இல் ஸ்விட்ச்சுக்கும் 2020 டிசம்பரில் பிஎஸ்4, எக்ஸ்பாக்ஸ், பிசிக்கும் வந்த எஸ் என்ற வடிவத்தை எடுங்கள். இசை முழு ஆர்க்கெஸ்ட்ராவில், சண்டை வேகத்தைக் கூட்டும் வசதியோடு. முழு கேமையும் பழைய 2டி முறையிலும் ஆடலாம். இதற்கு ஒரு இலவச டெமோ இருக்கிறது. ஏறக்குறைய பத்து மணி நேரம் ஆடலாம், அதில் சேவ் செய்ததையும் முழு கேமுக்கு எடுத்துக்கொண்டு போகலாம். இந்தத் தொடர் உங்களுக்கு ஒத்துவருமா என்று பார்க்க இதைவிட நல்ல சோதனை கிடையாது. டெமோவிலேயே சலித்துவிட்டதா? மற்ற பாகங்களும் சலிக்கும். அடித்தளம் ஒன்றுதான்: ஊருக்கு ஊர் ஒரு கதை, முறை வைத்து நடக்கும் சண்டை, அவசரமில்லாத நடை.

சிரமம் பற்றி ஒன்று. சாதாரண அமைப்பில் இந்தக் கேம் ரொம்பவே எளிது. ஜேஆர்பிஜி பழக்கம் உள்ளவர்கள் தொடக்கத்தில் வரும் டிராகோனியன் குவெஸ்ட் அமைப்பில் எதிரிகளைப் பலமாக்கும் தேர்வை மட்டும் போட்டுக்கொள்ளுங்கள். நடுவில் எடுத்துவிடலாம், ஆனால் எடுத்துவிட்டால் திரும்பப் போட முடியாது. மற்ற தேர்வுகளில் சில வேடிக்கைக்காக வைத்தவை; கடையில் வாங்கக்கூடாது என்பது போன்றவை எல்லாம் இரண்டாவது தடவைக்கு ஆகட்டும்.

இந்த வழியில் எதை இழக்கிறோம்? பதினொன்று முப்பது வருஷத்துத் தொடரைத் திரும்பிப் பார்க்கிற கேம். டிக்கிங்டன் என்ற ஊரிலிருந்து பழைய பாகங்கள் ஒவ்வொன்றின் உலகத்துக்குள்ளும் போய் ஒரு சின்ன வேலை செய்துவிட்டு வரலாம். அந்தப் பாகங்களை ஆடினவருக்குப் பழைய சினேகிதர்களைப் பார்க்கிற மாதிரி இருக்கும், ஆடாதவருக்கு வெறும் எடுபிடி வேலை. கடைசிப் பகுதி நிற்பதும் எர்ட்ரிக் முத்தொகுதியின் தோளில்தான். இன்னொரு சங்கடம்: இதிலிருந்து பின்னால் போகும்போது நாலாம் பாகத்தின் மெனுவைப் பார்த்ததும் ஏமாற்றமாக இருக்கும். முன்னிலிருந்து வருகிறவருக்கு ஒவ்வொரு பாகத்திலும் ஏதோ ஒன்று கூடிக்கொண்டே வரும், பின்னிலிருந்து போகிறவருக்கு ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டே போகும்.

ஒன்றே ஒன்று மட்டும் என்றால்

ஐந்தாம் பாகம். இதில் எனக்குத் தயக்கமே இல்லை.

1992 செப்டம்பரில் சூப்பர் ஃபேமிகாமில் வந்த இந்தக் கேம், ஆங்கிலத்தில் வர 2009 வரை ஆனது. ஒரு பையன் பிறந்து, வளர்ந்து, கல்யாணம் செய்து, அப்பாவாகிற வரைக்குமான கதை. தொடங்கும்போது நீங்கள் ஒரு குழந்தை, அப்பா பாங்க்ராஸோடு கப்பலில் வந்து இறங்குகிறீர்கள். வழியில் ஸ்லைம் என்ற சின்ன எதிரிகள் தாக்கினால் அப்பா வந்து நிற்பார். அவருக்கு நீங்கள் கட்டளை இட முடியாது. ஒரு சுற்றில் இரண்டு முறை அடிப்பார். உங்களுக்கு அடி பட்டிருந்தால் நீங்கள் கேட்காமலேயே மந்திரம் போட்டு ஆற்றுவார். நீங்கள் மூங்கில் குச்சி மாதிரி ஏதோ ஒன்றை வைத்துக்கொண்டு வீசிக்கொண்டிருப்பீர்கள், சண்டை முடிந்துவிடும். வீட்டுக்கு வந்தால், உங்களைவிட இரண்டு வயது பெரியவளான பியாங்கா, உனக்கு நான் புத்தகம் படித்துக் காட்டுகிறேன் என்று எடுப்பாள், கஷ்டமான எழுத்துகள் அதிகம் என்று மூடி வைத்துவிடுவாள். பிறகு அப்பா பக்கத்தில் இல்லாத முதல் சண்டை வரும். அடி பட்டது பட்டபடியே இருக்கும். ஒரு வசனம் இல்லாமல், சண்டை விதிகளை வைத்தே அப்பா என்றால் யார் என்று சொல்லிவிடுகிற கேம் இது. இதற்குப் பிறகு என்ன நடக்கிறது என்று நான் சொல்லப் போவதில்லை.

கல்யாணத் தேர்வு பற்றி ஒரு வார்த்தை. பியாங்காவா நேராவா என்று முடிவு செய்ய வேண்டி வரும். டிஎஸ் வடிவத்திலிருந்து டெபோரா என்று மூன்றாமவளும் உண்டு. கதையின் பெரிய ஓட்டம் யாரைக் கட்டினாலும் மாறாது, பிள்ளைகளின் தலைமுடி நிறம் மாறும். இருந்தாலும் பியாங்காவைத் தேர்ந்தெடுக்காதவரை நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன்.

தோற்ற எதிரிகளில் சில, எழுந்து வந்து சேர்ந்துகொள்கிறேன் என்று கேட்கும். ஸ்லைம் நைட் ஒன்று சேர்ந்தால் விடாதீர்கள், கடைசி வரை கைகொடுக்கும். மொபைல் அல்லது டிஎஸ், எதில் ஆடினாலும் சரிதான்.

மற்றவை

நான்காம் பாகம் அத்தியாயம் அத்தியாயமாக வருகிறது, முதல் நாலு அத்தியாயத்தில் நாயகனையே காட்டுவதில்லை. மூன்றாவது அத்தியாயத்தில் டார்னெகோ என்ற வியாபாரி. ஆயுதக் கடையில் சம்பளத்துக்கு நின்று, வருகிறவர்களுக்குக் கத்தியும் கேடயமும் விற்க வேண்டும். மற்ற எல்லாக் கேமிலும் கவுன்டருக்கு முன்னால் நின்ற நாம் இதில் மட்டும் பின்னால் நிற்கிறோம். ஆங்கில டிஎஸ் வடிவத்தில் குழுவினர் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ளும் பகுதியை நீக்கிவிட்டார்கள். மொபைல் வடிவத்தில் அது திரும்ப வந்துவிட்டது. அதனால் மொபைல்தான். அசல் ஃபேமிகாமில் ஐந்தாம் அத்தியாயத்தில் துணைவர்கள் அவர்கள் இஷ்டத்துக்குத்தான் சண்டை போடுவார்கள். பூசாரி கிரில், பலிக்கவே பலிக்காத பெரிய எதிரிகள் மேல் திரும்பத் திரும்ப மரண மந்திரத்தைப் போட்டு வீணாக்குவார். மறுஆக்கங்களில் நாமே கட்டளை இடலாம்.

ஆறாவது எனக்கு அவ்வளவு ஒட்டவில்லை. இரண்டு உலகங்கள் என்ற யோசனை அருமை, தொடக்கமும் அருமை. தொழில் மாற்றம் வந்த பிறகு எங்கே போவது என்று தெரியாமல் அலைய விட்டுவிடுகிறது. ஐந்துக்குப் பிறகு ஆசை இருந்தால் எடுங்கள்.

ஏழாவது மிகப் பெரியது, நூறு மணி நேரம் சர்வ சாதாரணம். 2000-இல் வந்த பிளேஸ்டேஷன் அசலில் முதல் சண்டை வருவதற்கே சில மணி நேரம் ஆகும். கல்லின் துண்டுகளைச் சேர்த்து, காணாமல் போன தீவுகளை ஒவ்வொன்றாக மீட்க வேண்டும். ஒவ்வொரு தீவிலும் ஒரு கதை, பாதிக்கு மேல் சோகக் கதை. 3டிஎஸ் மறுஆக்கம் தொடக்கத்தைச் சுருக்கியது, துண்டு இருக்கும் இடத்தைக் காட்டும் வசதியும் கொடுத்தது. ஆனால் 3டிஎஸ்ஸின் இணையக் கடை 2023 மார்ச்சில் மூடப்பட்டுவிட்டதால் பழைய கார்ட்ரிட்ஜ்தான் தேட வேண்டும். 2026-இன் புது மறுஆக்கம் இருப்பதால், பழையதைத் தேடி அலைய வேண்டிய அவசியம் இல்லை. இதில் தொடங்க மட்டும் தொடங்காதீர்கள்.

எட்டாவது 2004-இல் பிஎஸ்2-க்கு வந்தது, லெவல்-5 என்ற நிறுவனம் செய்தது. முழு 3டி உலகம், ஒரு குன்றின் மேல் ஏறி நின்றால் போகப் போகிற இடம் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். ஆங்கில வடிவத்தில் குரல் நடிப்பும் ஆர்க்கெஸ்ட்ரா இசையும் உண்டு. மொபைல் வடிவத்தில் இரண்டும் இல்லை. 3டிஎஸ்ஸில் புதிதாக இரண்டு பேர் குழுவில் சேர்கிறார்கள், எதிரிகளையும் முன்னாலேயே பார்த்து ஒதுங்கலாம். பிஎஸ்2 வேலை செய்கிறது என்றால் அதிலேயே ஆடுங்கள். ஒன்பதாவதற்கு டிஎஸ் வேண்டும், பக்கத்தில் உட்கார்ந்து கூட ஆட மூன்று பேரும் வேண்டும். தனியாக ஆடினால் பாதிதான்.

எந்தப் பாகமானாலும் லெவல் ஏற்றுவதைப் பற்றிய பயம் வேண்டாம். பாஸ் எனப்படும் பெரிய எதிரியோடு நடக்கும் சண்டையில் திரும்பத் திரும்பத் தோற்றால், பெரும்பாலும் இரண்டு மூன்று லெவலும் ஒரு புதுக் கேடயமும்தான் குறை. மெட்டல் ஸ்லைம் என்ற எதிரி கண்ணில் பட்டால் ஓடுவதற்குள் அடித்துவிடுங்கள், அனுபவப் புள்ளி கொட்டும். பழைய பாகங்களில் ஊரில் வங்கி இருந்தால், புதுக் குகைக்குள் இறங்குவதற்கு முன் பணத்தை அதில் போட்டுவிடுங்கள். ஆயிரம் ஆயிரமாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். செத்தால் கையில் இருப்பதில்தான் பாதி போகும், வங்கியில் இருப்பதைத் தொட மாட்டார்கள்.

ஆக முழுத் தொடரையும் ஆடுவதாக இருந்தால் என் வரிசை: பழைய ஒன்று, ஹெச்டி-2டி மூன்று, விரும்பினால் ஹெச்டி-2டி ஒன்றும் இரண்டும், பிறகு நான்கு, ஐந்து, எட்டு, பதினொன்று. ஆறும் ஏழும் ஒன்பதும் நேரமும் கருவியும் இருந்தால் இடையில் எங்கே வேண்டுமானாலும். பதினொன்றைக் கடைசியில் வையுங்கள். அதில் கேமைச் செய்தவர்களின் பெயர்கள் ஓடத் தொடங்கியதும் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டுப் போகிறவர்கள் நிறையப் பேர். பெயர்கள் முடிகிற வரைக்கும் இருங்கள், கேட்டால் சேவ் செய்யுங்கள், அப்படிச் சேவ் செய்ததைத் திரும்பத் திறங்கள். மூன்றாவது பகுதி அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது.